மூக்குக் கண்ணாடியும் துப்பாக்கியும்

துப்பாக்கி வீரனுக்கு வயதாவது என்பது கதை எழுதுகிறவர்கள் தொடத் தயங்குகிற விஷயம். அவனுடைய மூலதனம் இரண்டே இரண்டு: கண்ணும் கையும். ஐம்பதைத் தாண்டினால் இரண்டையும் நம்ப முடியாது. கண் மங்கி, கையில் வேகம் குறைந்துபோன ஒரு வீரனை வைத்துக்கொண்டு என்ன கதை சொல்வது? முதல் காட்சியிலேயே அவனைக் கொன்றுவிட்டு, பழிவாங்கும் பொறுப்பை மகனிடம் கொடுத்துவிடலாம்; அது சுலபம். அவனுக்கு வயதே ஆகவில்லை என்பதுபோலப் பாவனை செய்யலாம். அது அதைவிடச் சுலபம். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. வயதாகிவிட்டது என்பதை ஒத்துக்கொண்டு, இனி இவனுக்கு வேலை கொடுப்பவர் யார், என்ன கூலிக்குக் கொடுப்பார், அந்தக் கூலிக்கு இவன் எப்படி உழைப்பான் என்று கேட்பது. இந்த வழியில் போனவர்கள் சொற்பம்.

அந்தச் சொற்பத்தில் ஒருவர் சாம் பெக்கின்பா என்ற அமெரிக்க டைரக்டர். 1962ல் அவர் எடுத்த ‘ரைட் தி ஹை கன்ட்ரி’ என்ற படத்தை மெட்ரோ கோல்ட்வின் மேயர் கம்பெனி வெளியிட்டது. அப்போது பெக்கின்பாவுக்கு வயது 37. அது அவருடைய இரண்டாவது படம். கம்பெனிக்கு அதன் அருமை தெரியவில்லை. ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டும் வழக்கம் அங்கே இருந்ததல்லவா, அதில் இரண்டாவது படமாக, ஒப்புக்குச் சேர்த்த படமாக இதை அனுப்பிவைத்தார்கள். பின்னால் 1969ல் ‘தி ஒயில்ட் பஞ்ச்’ என்ற படத்தில் ரத்தத்தை ஆறாக ஓடவிட்டுப் பெயரும் பழியும் சம்பாதித்துக்கொண்டவர் இவர்தான். ஆனால் என் அபிப்பிராயத்தில் அவருடைய நல்ல படம் அதிகம் ரத்தம் சிந்தாத இந்தச் சிறு படம்தான்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீவ் ஜட் என்பவர் ஒரு காலத்தில் பல ஊர்களில் சட்டத்தைக் காத்த மார்ஷல். இப்போது கிழவர். மலைமேல் ஒரு சுரங்க முகாமிலிருந்து தங்கத்தைப் பத்திரமாகக் கீழே கொண்டுவரும் வேலை கிடைத்து ஓர் ஊருக்குள் குதிரையில் நுழைகிறார். தெருவின் இரண்டு பக்கமும் ஜனங்கள் கூடி நின்று ஆரவாரம் செய்கிறார்கள். தம்மைத்தான் வரவேற்கிறார்கள் என்று நினைத்துத் தொப்பியைத் தொட்டுக் காட்டுகிறார். ஒரு போலீஸ்காரன் வந்து, “பெரியவரே, வழியை விடும்” என்கிற தோரணையில் அவரை ஒதுக்குகிறான். அங்கே நடப்பது பந்தயம்! குதிரைகளோடு ஒட்டகம் ஒன்றை ஓடவிட்டு வேடிக்கை பார்க்கிறது ஊர். ஒதுங்கி நின்றவர்மேல் ஒரு மோட்டார் கார் மோதப் பார்க்கிறது. மார்ஷல்களின் காலம் முடிந்து, சீருடைப் போலீஸும் மோட்டாரும் வந்துவிட்ட காலம் என்பதை ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் முதல் இரண்டு நிமிஷங்களில் சொல்லிவிடுகிறார் டைரக்டர்.

அடுத்து வருவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கும் காட்சி. வேலை கொடுக்கும் பாங்கிக்காரர்கள் தகப்பனும் மகனுமாக இரண்டு பேர். அவர்கள் எதிர்பார்த்தது இவ்வளவு வயதானவரை அல்ல; அதை முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறார்கள். சட்டைக் கையின் ஓரம் நைந்து நூல் தொங்குவது அவர்கள் கண்ணில் படாமல் ஸ்டீவ் மறைத்துக்கொள்கிறார். ஒப்பந்தத்தை நீட்டுகிறார்கள். தனியாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அதை எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். அங்கே சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, காகிதத்தை வரிவரியாகப் படிக்கிறார். படித்து முடித்ததும் கண்ணாடியை மறைத்துவிட்டு வெளியே வந்து கையெழுத்துப் போடுகிறார்.

சுட்டுப் பிழைக்கிறவன், கண்ணாடி போட்டால்தான் எழுத்துத் தெரியும் என்பதை முதலாளியிடமிருந்து மறைக்கிறான். இதில் சிரிப்பும் இருக்கிறது, வயிற்றைப் பிசைகிற ஒன்றும் இருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மானத்துக்கு அஞ்சி அவர் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடவில்லை. மறைவிடத்துக்குப் போனாவது படித்துவிடுகிறார். வேலைக்காரனின் கௌரவம் முழுவதும் இந்தக் காட்சிக்குள் இருக்கிறது.

நான் இருக்கும் திருப்பூரில் இந்தக் காட்சிக்கு விரிவுரை வேண்டாம். ஓவர்லாக் மெஷினில் இருபத்தைந்து முப்பது வருஷம் உட்கார்ந்தவர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். அந்த மெஷினில் நூல் கோப்பது என்பது ஊசிக் காதில் ஒரு நூலை நுழைக்கிற காரியமல்ல. மூன்று நான்கு நூல்களை ஊசியிலும் லூப்பரிலுமாக வளைத்து வளைத்து வாங்க வேண்டும். நாற்பத்தைந்து வயதில் அதற்குக் கண் ஒத்துழைப்பதில்லை. பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு நூல் அறுந்து நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம். பக்கத்து மெஷினில் இருக்கும் பையனைக் கூப்பிட்டுக் கோத்துக் கொடுக்கச் சொல்கிறவர்கள் உண்டு. சூப்பர்வைசர் வரும்போது கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. “ஏனுங்ண்ணா, கண்ணு தெரியுதுங்களா?” என்று அந்த இளவட்டம் மரியாதையாகத்தான் கேட்கிறான். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். மெஷினை விட்டு இறங்கினால் அப்புறம் மடித்து அடுக்குகிற வேலை. அதற்கும் பிறகு கம்பெனி வாசலில் வாட்ச்மேன் நாற்காலி. துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாத இவர்கள் யாரும் ஸ்டீவ் ஜட்டை ஒரு நொடியில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

மேலே சொல்கிறேன். துணைக்கு ஆள் தேடும் ஸ்டீவ், பழைய கூட்டாளியான கில் வெஸ்ட்ரம் என்பவரைக் கண்டுபிடிக்கிறார். ஒரு காலத்தில் இவரோடு தோளோடு தோள் நின்று சட்டத்தைக் காத்தவர் கில். இப்போது சந்தைக் கூட்டத்தில் ஒட்டுத் தாடியும் பொய்முடியும் வைத்துக்கொண்டு, ‘ஓரிகன் கிட்’ என்ற வேஷத்தில், குறி தவறாமல் சுடும் வித்தை காட்டிக் காசு பறிக்கிறார். அந்த வித்தையும் மோசடி. தோட்டாவுக்குப் பதில் சிதறும் சிறு குண்டுகளைப் போட்டுச் சுடுவதால்தான் குறி தவறுவதில்லை. இருவருக்கும் ஒரே வறுமை. ஸ்டீவ் கிழிந்த சட்டைக் கையை மறைத்துக்கொண்டு நேர்மையான வேலை தேடினார். கில் தம் பழைய பெயரையே வேஷமாக்கி விற்றார். இப்போது ஹெக் என்ற இளைஞனைக் கூட்டிக்கொண்டு ஸ்டீவோடு கிளம்புகிறார் கில். வழியில் ஸ்டீவின் மனத்தை மாற்றித் தங்கத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மாறாவிட்டால் திருடிக்கொண்டு ஓட வேண்டும் என்பது அவர் திட்டம்.

தங்கத்தின் தொகை சுருங்கிக்கொண்டே வருவது இந்தப் படத்தில் ஒரு நுட்பமான விகடம். முதலில் காதில் விழுந்த பேச்சு 2,50,000 டாலர். பாங்கியில் கேட்டால் 20,000 டாலர் என்கிறார்கள். மலைமேல் போய் எடை போட்டுப் பார்த்தால் 11,000 டாலர் சொச்சம். திருடுகிறவனுக்கே வெட்கம் வருகிற தொகை! ஆனால் ஸ்டீவுக்குத் தொகை எவ்வளவானாலும் ஒன்றுதான். அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரவில் மூட்டையைத் தூக்க வந்த நண்பனைத் துப்பாக்கி முனையில் பிடித்து, கன்னத்தில் அறைந்து, கையைக் கட்டிக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகக் கிளம்புகிறார்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு? இத்தனை வருஷம் உழைத்தும் ஒரு நல்ல பூட்ஸுக்கு வழியில்லாத மனிதர். கிழிந்த பூட்ஸ்கூடப் படத்தில் வருகிறது. உனக்கு இந்த உலகம் என்ன கொடுத்தது என்று கில் பல விதமாகக் கேட்டுப் பார்க்கிறார். ஸ்டீவ் சொல்லும் பதிலின் சாரம் இதுதான்: தம் வீட்டுக்குள் நுழையும்போது நீதியுள்ளவனாக நுழைய வேண்டும், அது ஒன்றுதான் வேண்டும். லூக்கா சுவிசேஷத்திலிருந்து வந்த எண்ணம் அது. பெக்கின்பா தம் தகப்பனாரிடமிருந்து கேட்டு அதைப் படத்துக்குள் கொண்டுவந்தார். ஸ்டீவுக்கோ வீடே கிடையாது. மனைவி மக்கள் கிடையாது. இருந்தாலும் அந்த வாசற்படியை நினைத்துக்கொண்டு வாழ்கிறார். நம் ஊர்ப் பெரியவர்கள் “நாலு பேர் முகத்துல முழிக்கோணுமில்ல” என்பார்கள். ஸ்டீவ் அந்த நாலு பேரையும் விட்டுவிட்டார். தம் முகத்தில் தாமே விழிக்க வேண்டும் என்கிறார்.

படத்தின் இன்னொரு சரடு எல்சா என்ற பெண். கடுமையான மதப்பற்றுள்ள தகப்பனிடமிருந்து தப்பி, சுரங்க முகாமில் இருக்கும் பில்லி ஹாமண்ட் என்பவனைக் கல்யாணம் செய்துகொள்ள ஓடிவருகிறாள். அங்கே போன பிறகுதான் தெரிகிறது, அவனுடைய அண்ணன் தம்பிகளுக்கும் அவள்மேல் கண் என்பது. கிழவர்கள் அவளை மீட்டுக்கொண்டு இறங்க, ஹாமண்ட் சகோதரர்கள் துரத்துகிறார்கள். இதற்கிடையில் கில் தப்பி ஓடிவிடுகிறார். கடைசியில் எல்சாவின் பண்ணையில் மோதல். அந்த நேரத்தில் கில் திரும்பி வருகிறார். ஓடிப்போனவர் தாமாகவே வந்து நண்பனின் பக்கத்தில் நின்றுகொள்கிறார். இரண்டு கிழவர்களும் பள்ளத்திலிருந்து எழுந்து, திறந்த வெளியில், பழைய பாணியில் நேருக்கு நேர் நடந்து போகிறார்கள்.

ஸ்டீவ் குண்டடிபட்டுச் சாகிறார். தாம் சாவதைச் சிறுசுகள் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். நீ எப்படிச் செய்திருப்பாயோ அப்படியே தங்கத்தைக் கொண்டு சேர்ப்பேன் என்று கில் வாக்குக் கொடுக்கிறார். அது எனக்கு எப்போதும் தெரியும், நீதான் கொஞ்ச காலம் மறந்திருந்தாய் என்கிற பொருளில் பதில் சொல்கிறார் ஸ்டீவ். பிறகு ஒருமுறை மலையைத் திரும்பிப் பார்த்து, மெள்ளச் சாய்ந்து, படச்சட்டத்தின் கீழ் விளிம்பைத் தாண்டி மறைந்துபோகிறார். லூஸியன் பல்லார்டின் காமிரா அவரைத் தொடர்ந்து கீழே போவதில்லை. மலை மட்டும் மிஞ்சுகிறது. கோஷம் இல்லை, கண்ணீர் இல்லை.

இந்த மன்னிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். நண்பனைக் கையைக் கட்டிக் கோர்ட்டுக்கு இழுத்துப்போகிற அளவுக்குச் சட்டத்தில் கறார் உள்ளவர், சாகும்போது அதே நண்பனிடம் மூட்டையை ஒப்படைக்கிறார். நேர்மை என்றால் நட்பை அறுப்பது என்ற எளிய கணக்கு இங்கே கிடையாது. வழுக்கி விழுந்தவன் எழுந்து வந்து நிற்பதற்கு இடம் வைத்துக்கொண்டே கறாராக இருப்பது எப்படி என்பதைத்தான் படம் தொண்ணூற்றுச் சொச்சம் நிமிஷங்களில் காட்டுகிறது.

நடித்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டீவாக நடித்த ஜோயல் மக்ரே 1905ல் பிறந்தவர்; கில்லாக நடித்த ராண்டால்ஃப் ஸ்காட் 1898ல் பிறந்தவர். இருவரும் பல ஆண்டுகள் இதே மாதிரிக் குதிரைப் படங்களில் இளம் கதாநாயகர்களாக வலம் வந்தவர்கள். அவர்களைப் பார்த்து வளர்ந்த ஜனங்களும் அவர்களோடு சேர்ந்து மூப்படைந்திருந்தார்கள். ஆகவே அந்தச் சுருக்கங்களுக்கு மேக்கப் தேவைப்படவில்லை. ரசிகன் தன் வயதையே திரையில் பார்த்தான். இந்தப் படத்தோடு ஸ்காட் நடிப்பிலிருந்து விலகிக்கொண்டார்.

இனி நம் பக்கம் வருவோம். நம்மிடமும் கௌபாய்ப் படங்கள் உண்டு. ஒளிப்பதிவாளரான கர்ணன் டைரக்ட் செய்த ‘காலம் வெல்லும்’ 1970லும், ‘கங்கா’ 1972லும் வந்தன. இரண்டிலும் ஜெய்சங்கர் கதாநாயகன். குதிரையும் புழுதியும் துப்பாக்கியுமாகக் கர்ணனின் காமிரா செய்த சாகசங்கள் அந்தக் கால இளைஞர்களைக் கட்டிப்போட்டன. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அமெரிக்கர்களிடமிருந்து தொப்பியையும் குதிரையையும் வாங்கிக்கொண்ட நாம், அவர்களுடைய களைப்பை வாங்கிக்கொள்ளவில்லை. நம் கௌபாய்க்கு வயதாகவே இல்லை.

அப்படியானால் தமிழ் சினிமாவுக்கு முதுமையே தெரியாதா? தெரியும், நன்றாகவே தெரியும். சுந்தரம் எழுதிய நாடகம் 1970ல் பி. மாதவன் டைரக்ஷனில் ‘வியட்நாம் வீடு’ படமாக வந்தது. பிரஸ்டீஜ் பத்மநாப ஐயர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும், அதே வீட்டில், அதே பிள்ளைகளின் குரல் எப்படி மாறுகிறது என்பதைச் சிவாஜி கணேசன் 41 வயதில் நடித்துக் காட்டினார். உத்தியோகம் போன மனிதனின் கௌரவம் எதில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று கேட்ட படம் அது. ஆகவே முதுமையைப் பார்க்கும் கண் நமக்கு உண்டு. ஆனால் அது குமாஸ்தாவுக்கும் ஆபீஸருக்கும்தான். ஆயுதம் ஏந்திய கதாநாயகனுக்கு என்று வரும்போது அந்தக் கண்ணை மூடிக்கொண்டுவிடுகிறோம்.

நான்கு வருஷம் கழித்து, 1974ல், அதே மாதவனும் அதே சிவாஜியும் ‘தங்கப் பதக்கம்’ கொடுத்தார்கள். கதை வசனம் மகேந்திரன். எஸ்.பி. சௌத்ரி என்ற போலீஸ் அதிகாரி, சிறு வயதில் தவறு செய்த மகனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புகிறார். வளர்ந்து சட்டத்துக்கு விரோதியாகிவிட்ட அந்த மகனைக் கடைசியில் தம் கையாலேயே சுடுகிறார். கொட்டகைகள் கண்ணீரில் நனைந்தன. கடமை என்றால் என்ன என்பதற்குத் தமிழ் ரசிகன் மனத்தில் இன்றும் அந்தப் படம்தான் உதாரணம்.

அந்தப் பரம்பரையில் 2023 ஆகஸ்டில் வந்தது, நெல்சன் டைரக்ட் செய்த ‘ஜெயிலர்’. ஓய்வு பெற்ற சிறை அதிகாரி முத்துவேல் பாண்டியனாக ரஜினிகாந்த். அப்போது அவருக்கு வயது 72. பேரனோடு விளையாடிக்கொண்டு, மனைவி சொன்ன காரியத்தைச் செய்துகொண்டு வீட்டோடு இருக்கிறவர். போலீஸ் அதிகாரியான மகன், சிலைத் திருட்டுக் கும்பலை விசாரிக்கப் போய்க் காணாமல் போகிறான். இறந்துவிட்டான் என்று நம்பவைக்கப்படுகிறது. கிழவர் எழுந்து நிற்கிறார். வெவ்வேறு ஊர்களில் இருக்கும் பழைய கூட்டாளிகளைத் தேடிப் போகிறார். அந்தக் கூட்டாளிகளாக வரும் மோகன்லால், சிவராஜ்குமார், ஜாக்கி ஷெராஃப் மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள். வயதான துப்பாக்கிக்காரர்களின் கதை என்று தமிழில் ஒன்றைச் சுட்டிக்காட்டச் சொன்னால் இதைத்தான் சுட்ட வேண்டும்.

இதில் பாராட்ட வேண்டியவை இருக்கின்றன. முதல் பகுதியில், வீட்டில் யாரும் பெரிதாக மதிக்காத ஓய்வு பெற்ற மனிதனின் சங்கடத்தை ரஜினிகாந்த் மிக அடக்கமாகச் செய்கிறார். பெரும்பாலான மோதல்களில் அவர் ஓடிக் குதிப்பதில்லை. நிற்கிறார் அல்லது உட்கார்ந்திருக்கிறார். எங்கோ மறைந்திருக்கும் துப்பாக்கிகள் அவருக்காக வெடிக்கின்றன. வயதுக்கு டைரக்டர் கொடுத்த சாமர்த்தியமான மரியாதை இது. எல்லாவற்றுக்கும் மேலாக முடிவு. மகன் உயிரோடுதான் இருக்கிறான், ஆனால் கும்பலோடு கைகோத்துவிட்டவன் என்று தெரிந்ததும், சரணடையும்படி கேட்கிறார் தகப்பன். அவன் மறுத்துத் துப்பாக்கியை எடுக்க, இவருடைய குறிப்பறிந்து மறைந்திருந்தவர்கள் அவனைச் சுட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு நிமிஷம் ரஜினிகாந்தின் முகத்தில் எழுபது வருஷமும் தெரிகிறது.

ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இரண்டரை மணி நேரம் என்ன நடந்தது? இங்கேதான் என் சண்டை. பெக்கின்பாவின் படத்தில் கிழவருக்கு வயது ஏற ஏறத் தொகை இறங்குகிறது. நம் படத்தில் நட்சத்திரத்துக்கு வயது ஏற ஏற எல்லாமே கூடவே ஏறுகின்றன: எதிரிகளின் எண்ணிக்கை, துப்பாக்கிகளின் நீளம், விழுகிற பிணங்கள், பின்னணி இசையின் சத்தம். 40 வயதில் பத்துப் பேரை அடித்த கதாநாயகன் 70 வயதில் நூறு பேரை வீழ்த்த வேண்டியிருக்கிறது. இது பலத்தின் அடையாளம் அல்ல, பயத்தின் அடையாளம். இவருக்கு வயதாகிவிட்டது என்று ரசிகன் எந்த நொடியிலாவது நினைத்துவிடுவானோ என்ற பயம். முத்துவேல் பாண்டியன் பென்ஷன்காரர் என்பது ஒரு திரை. எந்தக் கணத்திலும் அதைக் கிழித்துக்கொண்டு பழைய சிங்கம் வெளியே வரும் என்று நமக்கு முதலிலேயே தெரியும். ஸ்டீவ் ஜட்டின் கிழிந்த சட்டைக் கைக்குப் பின்னால் சிங்கம் ஒன்றும் இல்லை. இருப்பது ஒரு கிழவனின் மணிக்கட்டுதான்.

இரண்டாவது வித்தியாசம் இன்னும் முக்கியமானது. ‘தங்கப் பதக்க’த்திலும் சரி, ‘ஜெயிலரி’லும் சரி, தவறியவன் செத்தாக வேண்டும். தகப்பன் எவ்வளவு நேர்மையானவன் என்று நிரூபிக்க மகனின் பிணம் தேவைப்படுகிறது. முத்துவேல் மகனுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்கிறார் என்பது உண்மை; ஆனால் கதை கொடுக்கவில்லை. அவன் எழுந்து திரும்பி வருவான் என்று எழுதுவதற்குக் கதாசிரியருக்குத் துணிச்சல் இல்லை. கில் திரும்பி வந்ததுபோல் ஒருவன் திரும்பி வந்தால், கதாநாயகனின் தியாகம் குறைந்துபோகுமோ என்ற கவலை. நேர்மையைப் பற்றி நாம் எடுக்கும் படங்களில் நேர்மை எப்போதும் துக்க வீட்டில்தான் போய் முடிகிறது.

நம் ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று உமக்குத் தெரியுமா என்று கேட்கலாம். வாரத்தில் ஆறு நாள், ஆர்டர் அவசரமானால் இரவும் சேர்த்து உழைக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்கப் போவது நைந்த சட்டைக் கையைப் பார்க்கவா? அதை அவன் தினமும் பார்க்கிறானே! தன்னால் கேட்க முடியாத கேள்வியைத் திரையில் ஒருவர் கேட்கட்டும், தன்னால் அடிக்க முடியாத ஆளை அவர் அடிக்கட்டும் என்று நினைக்கிறான். இந்த வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ரஜினிகாந்தின் முகம் அச்சிட்ட பனியனைத் தைத்து, அதையே வாங்கிப் போட்டுக்கொண்டு முதல் நாள் படத்துக்குப் போகிற பையன்களின் சந்தோஷம் உண்மையான சந்தோஷம். அதைப் பிடுங்கிக்கொள்ள எனக்கு அதிகாரம் இல்லை.

ஆனால் அந்தப் பையனின் பக்கத்து மெஷினில் அவனுடைய மாமனோ சித்தப்பனோ உட்கார்ந்திருக்கிறார். 1975ல் ‘அபூர்வ ராகங்க’ளில் ரஜினிகாந்த் முதன்முதலாகக் கேட்டைத் திறந்துகொண்டு வந்த நாளிலிருந்து அவரோடு கூடவே வளர்ந்து, கூடவே மூப்படைந்தவர் அந்த மனிதர். அவருக்கு இந்தப் படம் என்ன சொல்கிறது? உனக்கு வயதானாலும் உள்ளே சிங்கம் இருக்கிறது என்கிறது. அவர் உள்ளே பார்க்கிறார், சிங்கம் இல்லை. முதுகுவலி இருக்கிறது, மங்கின கண் இருக்கிறது, தைப்பதைச் சுத்தமாகத் தைக்க வேண்டும் என்ற வைராக்கியம் இருக்கிறது. முன்போல வேகம் இல்லை; ஆனால் அவர் கையிலிருந்து போகும் பீஸ் திரும்பி வராது. அந்த வைராக்கியத்துக்கு மரியாதை செய்கிற ஒரு கதையை நாம் அவருக்குக் கொடுத்தோமா? மக்ரேயும் ஸ்காட்டும் தங்களோடு மூத்த ரசிகனுக்கு அதைக் கொடுத்தார்கள். அந்தக் கொடையைத் தர எல்லாத் தகுதியும் உள்ள நடிகர் நம்மிடம் இருந்தும், அவரை ஓடும் படிக்கட்டில் நிறுத்தி மேலே மேலே ஏற்றிக்கொண்டே போகிறோம்.

பெக்கின்பாவின் படத்தைக் குற்றமற்றது என்று சொல்ல நான் வரவில்லை. ஹாமண்ட் சகோதரர்கள் மனிதர்களாக இல்லை, மிருகங்களாக இருக்கிறார்கள். அவர்களைச் சுடுவதில் யாருக்கும் மனக்கஷ்டம் வராதபடி சௌகரியமாக அமைத்துவிட்டார். எல்சாவுக்கு, ஒரு முரட்டுத் தகப்பனுக்கும் ஒரு முரட்டுக் கணவனுக்கும் நடுவே ஓடுவதைத் தவிர அதிக வேலை இல்லை. அந்த மலைகள் யாரிடமிருந்து பறிக்கப்பட்டவை என்ற கேள்வி, பல அமெரிக்கக் குதிரைப் படங்களைப் போலவே, இதற்குள்ளும் நுழையவில்லை. மார்ஷல்களின் பொற்காலம் என்று படம் ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்கும் காலம் அந்த மண்ணின் பூர்வ குடிகளுக்குப் பொற்காலமாக இருந்ததில்லை. இந்தக் குறைகளோடுதான் நான் இந்தப் படத்தை நல்ல படம் என்கிறேன். ஒரு தொழிலாளியின் வயோதிகத்தை அது பொய் சொல்லாமல் பார்த்திருக்கிறது.

நம் டைரக்டர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. நூறு பேரை வீழ்த்தட்டும். அதற்கு முன்னால், அந்த எழுபது வயதுக் கதாநாயகன் ஒரு காகிதத்தை வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டி, அதில் என்ன கூலி போட்டிருக்கிறது என்று ஒரே ஒரு நிமிஷம் படித்துப் பார்க்கட்டும். அந்த நிமிஷத்தில் கொட்டகையில் விசில் அடிக்க மாட்டார்கள். இருட்டில் உட்கார்ந்திருக்கும் சில பேர் மட்டும் தங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்காகவும் யாராவது ஒரு படம் எடுக்க வேண்டும்.